பழத்திலிருந்து எண்ண வேண்டும்

1. யூரியா சாக்கில் மாங்காய்

பெரியகருப்பன் எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலாக வந்தது ஒரு வைகாசி மாதத்தில். யூரியா சாக்கில் பாதி அளவுக்கு மாங்காயைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு மாடியேறி வந்தார். சாக்கை என் மேஜைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மடியிலிருந்து சின்னக் கத்தியை எடுத்து ஒரு பழத்தை அறுத்து என்னிடம் நீட்டினார்.

"சாப்பிட்டுப் பாருங்க மேடம். அப்பறம் சொல்றேன்."

சாப்பிட்டேன். பல்லெல்லாம் நார். பழுத்த பிறகும் புளிப்பு போகவில்லை. கொட்டைதான் பெரிதாக இருந்தது.

"இது இமாம்பசந்துன்னு சொல்லிக் கொடுத்தாக" என்றார்.

மதுரைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இமாம்பசந்து என்பது சீசனில் வசதியானவர்கள் பெட்டியாக வாங்கிச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பும் பழம். அவர் கொண்டு வந்தது, ரோட்டோரத்தில் விழுந்து கிடந்தாலும் பிள்ளைகள் எடுக்காத நாட்டுக்காய்.

நான் வேலை பார்த்தது ஒரு நுகர்வோர் சங்கத்தில். கீழே பாத்திரக் கடை, மேலே இரண்டு அறை, அவ்வளவுதான் எங்கள் அலுவலகம். கடையிலோ கம்பெனியிலோ ஆஸ்பத்திரியிலோ ஏமாந்தவர்கள் வருவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுப் புகாராக எழுதுவது, எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் அனுப்புவது, அதில் தீராவிட்டால் எங்கள் வக்கீலிடம் சேர்த்து நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட வைப்பது, இதுதான் என் வேலை. கல்யாணமாகிக் காஜிமார் தெருவுக்கு வந்த கொஞ்ச காலத்தில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் சட்டத்தை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்குச் சட்டம் சொல்லித்தர நான் இதை எழுதவில்லை. இந்த ஒரு வழக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான்.

பெரியகருப்பன் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் மிஷின் ஓட்டியவர். கம்பெனியை மூடியபோது கிடைத்த தொகையை வைத்து, அழகர்கோவில் மலையடிவாரத்தில் அப்பா விட்டுப்போன காட்டைத் திருத்திக் கிணற்றைத் தூர்வாரி, மாந்தோப்பு வைத்தார். வயது அப்போதே நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. பென்ஷன் இல்லாதவனுக்கு மரம்தான் பென்ஷன் என்று அவருக்கு ஒரு கணக்கு. ஒட்டுக்கன்று வைத்தால் நாலாவது வருடம் காய்ப்பு வரும், பிறகு கடைசிக் காலம் வரை கவலையில்லை.

நாலாவது வருடம் பூக்கவில்லை. கன்று விற்ற நர்சரிக்காரரைப் போய்ப் பார்த்தார். இமாம்பசந்து மற்ற மாங்காய் மாதிரி இல்லை, தாமதமாகத்தான் வரும், அவசரப்படாதீர்கள் என்று அவர் சொன்னார். அதில் பாதி உண்மை. அந்த ரகம் கொஞ்சம் பிகு பண்ணிக் காய்க்கும் என்று தோட்டக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். அதனால் திரும்பி வந்தார். ஐந்தாவது வருடமும் போனார். அதே பதில், கூடவே நுண்ணூட்ட உரம் ஒரு பாக்கெட் இலவசம். ஆறாவது வருடம் தோப்பு முழுக்கப் பூத்தது. மனைவியை அழைத்துக்கொண்டு போய்க் கோவிலில் மாலை சாத்திவிட்டு வந்திருக்கிறார். காய் பெருத்துப் பழுத்த பிறகுதான் அந்தச் சாக்கைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

2. நாடா

மறுவாரம் தோப்பைப் பார்க்கப் போனேன். நல்ல மரங்கள். இலை கரும்பச்சை, கிளை பரந்து, தரை முழுக்க நிழல். வழியில் போகிற யாரும் கொடுத்து வைத்த மனிதன் என்றுதான் நினைப்பார்கள். பெரியகருப்பன் எந்தெந்த மரத்துக்கு எந்தக் கோடையில் குடத்தில் தண்ணீர் ஊற்றினார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். மோட்டார் பழுதான போது மனைவி பாண்டியம்மாள்தான் கிணற்றிலிருந்து சுமந்தாராம்.

பெரியகருப்பன் காபி வாங்கிவரப் போன நேரத்தில் பாண்டியம்மாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒல்லியான பெண்மணி. பேசும்போது என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துப் பேசினார்.

ஒட்டுக்கன்று என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். நாட்டு மாங்கன்றின் தண்டைச் சீவி, அதில் நல்ல ரகத்தின் குச்சியைப் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். இரண்டும் ஒன்றாகக் கூடிய பிறகு நாடாவை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்த்தால் உள்ளே வெட்டுத் தழும்பு இருக்கும். அந்தத் தழும்புதான் ஒட்டுக்கு அடையாளம்.

"கன்னு அம்புட்டுலயும் நாடா இருந்துச்சு மேடம். நான்தான் ஒவ்வொண்ணா உக்காந்து அவுத்தேன். உள்ள வெட்டே இல்ல. தண்டு வழவழன்னு இருந்துச்சு. ரொம்ப நல்லாக் கூடிருச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

கீழே கிடந்த ஒரு மாவிலையை எடுத்துக் கிழித்தார்.

"சந்தோசமா வேற இருந்துச்சு" என்றார்.

ஒட்டே கட்டாமல், சாதாரணக் கொட்டைக் கன்றுக்கு நாடாவை மட்டும் சுற்றி விற்றிருக்கிறார்கள். இதை அவர் கணவரிடம் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டேன். பழம் வந்த அன்று சொன்னேன், அவர் ஒன்றும் சொல்லவில்லை என்றார்.

3. கன்று விற்றவர்

வழக்குக்கு முன்னால் எதிர்த் தரப்பை ஒருமுறை நேரில் பார்ப்பது எங்கள் வழக்கம். பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும். நர்சரிக்காரர் பெயர் துரைப்பாண்டி. சண்டை போடுகிற ஆள் என்று நினைத்துப் போனேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார். பெரியகருப்பனை அண்ணன் என்றுதான் சொன்னார். அண்ணன் பட்ட கஷ்டம் எனக்குத் தெரியும், நானும் விவசாயிதான் என்றார்.

"ஆனா மேடம், நான் ஒட்டுக் கன்னுதான் கொடுத்தேன். அடியில துளிர் வந்தா கிள்ளிக்கிட்டே இருக்கணும். கிள்ளாம விட்டா மேல இருக்குற ஒட்டுக் காஞ்சுபோயி, அடிக்கன்னு ஏறிக்கிரும். அண்ணே கம்பெனில வேல பாத்தவரு. அவருக்கு அது தெரியாமப் போச்சு. விக்கிறதுதான் நம்ம வேல. வளக்குறதுக்கும் நம்ம எப்படிப் பொறுப்பாக முடியும்?"

தோப்பு முழுவதும் ஒரு மரம் பாக்கியில்லாமல் அப்படி ஆகுமா என்று கேட்டேன். ஆகாது என்று அவருக்கும் தெரியும். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், காய்ந்த வருடமாக இருந்தால் ஆகும் மேடம் என்றார். அவர் கொடுத்த பில்லில் "மாங்கன்று" என்று மட்டும்தான் இருந்தது. என்ன ரகம், ஒட்டா இல்லையா, எதுவும் இல்லை. அன்றைக்கு இருந்த நிலையில் எழுத வேண்டிய கட்டாயமும் நடைமுறையில் யாருக்கும் இல்லை.

வாசல் வரை வந்து வழியனுப்பினார். என் அனுபவத்தில் கத்துகிற கடைக்காரர்களைச் சமாளித்துவிடலாம். இப்படி மரியாதையாகப் பேசுகிறவர்களிடம்தான் நாங்கள் அதிகம் தோற்றிருக்கிறோம்.

4. இரண்டு வருடம்

நுகர்வோர் வழக்கில் முதல் கண்டம் காலக்கெடு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். மிக்சிக்கும் செல்போனுக்கும் அது தாராளம். மாமரத்துக்கு? கன்று வாங்கிய நாளில் அது எந்த மாமரம் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் வக்கீல் சண்முகவேல் கெட்டிக்காரர். பழத்தைப் பார்த்த நாளில்தான் பிரச்சினையே எழுந்தது, அதனால் காலக்கெடு தாண்டவில்லை என்று எழுதினார். ஒட்டு இல்லை என்பதற்கு நேரடிச் சாட்சி பாண்டியம்மாள்தான். அவர் நாடாவை அவிழ்த்தபோது கண்டதைப் பிரமாண வாக்குமூலமாக வாங்கித் தாக்கல் செய்தோம். அதைத் தவிர எங்களிடம் வேறு என்ன இருந்தது? ஆறு வருட மரத்தில் தண்டு பெருத்துவிடும். தழும்பு இருந்ததா இல்லையா என்று இனி யாரும் சொல்ல முடியாது என்று பார்வையிட வந்த தோட்டக்கலை நிபுணரும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

வாய்தா வாய்தாவாகப் போய் ஒருநாள் வாதத்துக்கு வந்தது. கணவனும் மனைவியும் அழகர்கோவில் பஸ்ஸில் காலையிலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பாண்டியம்மாள் அன்று நல்ல புடவை கட்டியிருந்தார். எதிர்த் தரப்பு வக்கீல் இளைஞர். அவர் எங்கள் சாட்சியைப் பொய் என்று சொல்லவில்லை. அந்த வாக்குமூலத்தையே எடுத்து நிதானமாக வாசித்தார். பிறகு ஆணையத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நாடாவ அவுத்தப்பவே உள்ள ஒட்டு இல்லங்கறத இந்தம்மா பாத்துருக்காங்க. அவங்களே சத்தியம் பண்ணிச் சொல்றாங்க. அப்ப பிரச்சினை எழுந்தது அன்னிக்குத்தான், பழம் வந்த அன்னிக்கு இல்ல. அன்னிக்கே வந்துருக்கணும்."

சண்முகவேல் எழுந்து, பார்த்தது வேறு, புரிந்துகொண்டது வேறு என்று நெடுநேரம் வாதாடினார். நான் பெஞ்சைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாண்டியம்மாளுக்கு முதலில் புரியவில்லை. நம் பேச்சை அவர்களே எடுத்துச் சொல்கிறார்களே என்று லேசாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பெரியகருப்பனுக்குப் புரிந்துவிட்டது. அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். பிறகு பாண்டியம்மாளுக்கும் புரிந்தது. தலையாட்டுவது நின்றது.

அன்றைக்கு ஊர் திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இடம் இருந்தும் பெரியகருப்பன் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாராம். இதைப் பாண்டியம்மாள் பிற்பாடு ஒரு நாள் போனில் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. "திட்டுனா நல்லாருக்கும் மேடம்" என்று மட்டும் சொன்னார்.

5. கருத்துக் கேட்ட கூட்டம்

தீர்ப்புக்குக் காத்திருந்த காலத்தில்தான் மாநிலச் சட்டம் பற்றிய பேச்சு வந்தது. விதையிலும் கன்றிலும் வியாபாரிகள் செய்கிற ஏமாற்றைத் தடுக்க ஒரு சட்டம் கொண்டுவரப் போகிறார்கள், அதற்கு முன் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறார்கள் என்று எங்களுக்குக் கடிதம் வந்தது. மதுரையில் ஒரு மண்டபத்தில் கூட்டம். பாதிக்கப்பட்டவர் யாரையாவது பேச அழைத்து வரலாம் என்றார்கள்.

பெரியகருப்பனைத்தான் கூப்பிட்டேன். வந்தது பாண்டியம்மாள் மட்டும். அவர் வரவில்லையா என்று கேட்டேன்.

"'நீதான பாத்த, நீயே போய்ச் சொல்லு'ன்னுட்டாக."

பழம் பழுத்த நாளிலிருந்து அதைப் பற்றி அவர் மனைவியிடம் வாய்திறந்து சொன்னது அது ஒன்றுதான்.

கூட்டத்தில் வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நன்றாகப் பேசினார்கள். கன்று உயிருள்ள பொருள், அதற்கு உத்தரவாதம் கேட்பது நியாயமில்லை என்றார்கள். எங்கள் முறை வந்தது. நான் முதலில் பேசி அறிமுகம் செய்வதாகத்தான் ஏற்பாடு. பெயரைக் கூப்பிட்டதும் பாண்டியம்மாளே எழுந்து போய் மைக்குக்கு முன்னால் நின்றுவிட்டார்.

நாடாவை அவிழ்த்த கதையைச் சொன்னார். வழவழப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதையும் விடாமல் சொன்னார். மேடையில் இருந்த அதிகாரி, உங்களுக்குச் சட்டத்தில் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"கன்னு வாங்குறவ கண்ணுக்கு எல பச்சையா இருக்கான்னுதான் தெரியும் சார். எப்பப் பாத்த, எப்பத் தெரிஞ்சுச்சுன்னு எங்களக் கேக்காதீக. காய்க்கிற மரத்துக்குக் காயப் பாத்தாத்தான் தெரியும். பழத்துலருந்து எண்ணுங்க."

அந்த அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதிக்கொள்வதை நான் நிறையக் கூட்டங்களில் பார்த்திருக்கிறேன், அதனால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் திரும்பும்போது பாண்டியம்மாள் முகம் தெளிந்திருந்தது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் அவர் கணவருக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார்.

6. சட்டம் வந்தது

சட்டம் நிஜமாகவே வந்தது. நல்ல சட்டம். நர்சரிக்கு லைசென்ஸ் வேண்டும். ஒவ்வொரு கன்றிலும் ரகம், ஒட்டு, தாய்மரம் எழுதிய சீட்டுக் கட்ட வேண்டும். பில்லிலும் அதெல்லாம் இருக்க வேண்டும். பல வருடப் பயிருக்குக் காலக்கெடு முதல் காய்ப்பிலிருந்து தொடங்கும், அதற்கு முன் வாங்கியவர் எதைக் கண்டார் என்பது பொருட்டல்ல. இந்தக் கடைசி வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். சட்ட மொழியில் இருந்தாலும் அது பாண்டியம்மாள் மைக்கில் சொன்னதுதான்.

போன் செய்து வாசித்துக் காட்டினேன். "எங்க கேசுக்கும் சேருமா மேடம்?" என்று கேட்டார். வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். சண்முகவேல் அந்தச் சட்டத்தைக் காட்டி ஒரு மனுப் போட்டார். போடும்போதே என்னிடம், போட்டுப் பார்ப்போம், ஆனால் நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள் என்றார். நான் கொடுக்கவில்லை. பாண்டியம்மாளாகவே வைத்துக்கொண்டார்.

தீர்ப்பு எதிராக வந்தது. ஆணையத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. கன்று விற்றதும் நாடா அவிழ்த்ததும் புதுச் சட்டத்துக்கு முன்னால் நடந்தவை. புதுச் சட்டம் அது அமலுக்கு வந்த பிறகு விற்ற கன்றுகளுக்குத்தான். பழைய சட்டப்படி, மனுதாரரின் சொந்தச் சாட்சியின்படியே குறை தெரிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் என்றைக்கோ கடந்துவிட்டது. ஆகவே தள்ளுபடி. துரைப்பாண்டி ஏமாற்றவில்லை என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கேள்விக்குள் போகவே தேவைப்படவில்லை.

துரைப்பாண்டி லைசென்ஸ் வாங்கிவிட்டார். ஒருநாள் கோர்ட் வளாகத்தில் பார்த்தபோது வந்து வணக்கம் சொன்னார். இப்போது எல்லாக் கன்றுக்கும் சீட்டுக் கட்டியிருக்கிறேன், வந்து பாருங்கள் மேடம் என்றார். எங்கள் அலுவலகப் பையன் ஒருவனை அனுப்பிப் பார்த்தோம். எல்லாம் முறைப்படி இருந்தது. கன்றுகளும் நிஜ ஒட்டுத்தான். சட்டம் அவரைத் திருத்திவிட்டது. அதில் நான் சந்தோஷப்பட வேண்டும், அதற்காகத்தானே இத்தனை வருடம் உழைத்தோம். முடியவில்லை.

மேல்முறையீட்டுக்கு அவகாசம் இருந்தது. அதைச் சொல்லி வரத் தோப்புக்குப் போனேன். போவதற்குள் பாதி மரம் விழுந்திருந்தது. விறகுக் கடைக்காரர்கள் மெஷின் வாளோடு நின்றார்கள். வெயில் நேராகத் தரையில் அடித்தது. பெரியகருப்பன் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். பாண்டியம்மாள் வெட்டிய கிளைகளை ஓரத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இருவரும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள், ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

கிளைகளைக் கழித்துவிட்டு அதே மரத்தில் நல்ல ஒட்டுக் கட்டலாமே, தோட்டக்கலைக்காரர்கள் செய்து கொடுப்பார்களே என்று சொன்னேன். எனக்கே அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது.

"அந்தக் குச்சியையும் இமாம்பசந்துன்னுதான் சொல்லுவாக" என்றார் பெரியகருப்பன். "திரும்ப நாலு வருசம் காத்துக் கெடக்கணும். இனிமே ஒரு போகத்துல மூஞ்சி தெரியுறதத்தான் வெப்பேன் மேடம். கடலையோ சோளமோ. மேல்முறையீடு வேணாம்."

அந்த ஆவணியில் கடலை போட்டார். அது போதவில்லை. கப்பலூருக்கே திரும்பி, ஒரு குடோனில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார்.

7. கடைசியாக ஒரு போன்

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், புதுச் சட்டத்தில் எங்கள் முதல் வெற்றி கிடைத்தது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் இளைஞர் பப்பாளி போட்டிருந்தார். பப்பாளி ஒரு வருடத்துக்குள் காய்த்துவிடும். சீட்டில் எழுதிய ரகம் ஒன்று, காய்த்தது வேறு. சீட்டு இருந்தது, பில் இருந்தது, முதல் காய்ப்பிலிருந்து எண்ணியதில் காலக்கெடுவும் இருந்தது. விற்றவர் வழக்கு முடியும்வரைகூட நிற்கவில்லை, முழு இழப்பீட்டையும் கொடுத்து முடித்துக்கொண்டார். அலுவலகத்தில் எல்லோருக்கும் காராசேவும் காபியும் வந்தன.

எனக்கு உடனே பாண்டியம்மாள் ஞாபகம்தான் வந்தது. அவர் சொன்ன வரியால் கிடைத்த வெற்றி அல்லவா? அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்றும் நினைத்தேன். போன் செய்தேன். கணவர் டியூட்டிக்குப் போயிருக்கிறார், வீட்டில் தனியாகத்தான் இருக்கிறேன் என்றார். விஷயத்தைச் சொன்னேன். நீங்கள் அன்றைக்கு எழுந்து பேசியதால்தான் இது நடந்தது என்றும் சொன்னேன்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்தத் தம்பிக்கு என்ன வயசு மேடம்?"

முப்பது இருக்கும் என்றேன்.

"அப்பச் சரி" என்றார். "அவரு திரும்ப வெச்சுக்கிருவாரு."

பிறகு என் உடம்பை விசாரித்தார். பிள்ளைகளைக் கேட்டார். மரியாதையாகவே போனை வைத்தார்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இன்றும் யார் கேட்டாலும் புகார் எழுதுங்கள், கூட்டத்தில் பேசுங்கள் என்றுதான் சொல்கிறேன். அது இனி வாங்கப் போகிறவர்களைக் காப்பாற்றும், நமக்காகப் பேசியவர்களைக் காப்பாற்றாது. பேச அழைக்கும்போதே அதை அவர்களிடம் சொல்லிவிட வேண்டும். இன்னொன்றையும் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். ஜெயித்த கேஸைச் சொல்வதற்காகத் தோற்றவர்களுக்கு நான் போன் செய்வதில்லை.